முதல் தேனும் ஒரு கைமடிப்பும்

மற்றவர்கள் தேனீ வளர்க்க ஆசைப்பட்டுப் பெட்டி வாங்குவார்கள், நாலு கொட்டு வாங்குவார்கள், அதற்குப் பிறகுதான் கவச உடுப்பு எங்கே கிடைக்கும் என்று தேடுவார்கள். டைலரக்கா முதலில் உடுப்பைத் தைத்தாள். தைத்த உடுப்பு ஆணியில் சும்மா தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் தேனீப் பெட்டியை வாங்கினாள். இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்பாள் அவள்.

அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, சுவர் முழுக்க நூல்கண்டு. ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் யூனிபாரம் தைப்பதுதான் பிழைப்பு. வேலை நிறைய வரும், அவளும் சளைக்காமல் செய்வாள். தெருவில் அவளைவிட மூத்தவர்கள்கூட டைலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் போடுவாள். மற்ற கடைகளில் எட்டைத் தாண்டாது. துணி கிழிந்தாலும் கிழியும், அவள் தையல் விடாது. யாராவது உடுப்பைக் கொண்டுவந்து, "கொஞ்சம் பிரிச்சுத் தைச்சுக் குடுங்க" என்றால் போதும், முகம் சிவந்துவிடும்.

"வேற கடையில தைச்சதா இருந்தா குடுங்க, பிரிக்கறேன். என் தையல் பிரிக்கறதுக்கு இல்ல" என்பாள்.

இந்த வீறாப்புக்கு முதல் பலி அவளுடைய அண்ணிதான். அண்ணி என்றால் கணவனின் அக்கா, மாடி வீட்டில் தனியாக இருப்பவர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணிக்கு ஒரு யூனிபாரம் தைத்துக் கொடுத்தாள் டைலரக்கா. தோள்பட்டை இறுக்குகிறது, கொஞ்சம் பிரித்துத் தா என்று அண்ணி கேட்டார். புது மருமகளாயிற்றே, பணிந்துபோகலாம் அல்லவா? இவள் அளவு நாடாவை எடுத்து மறுபடி அளந்துவிட்டு, "அளவு சரியாத்தான் இருக்கு அண்ணி. நீங்கதான் நிமிர்ந்து நிக்கல" என்றாள்.

அண்ணி அந்த யூனிபாரத்தை மடித்துத் துணிப் பெட்டியில் வைத்தார். அடுத்த மாதத்திலிருந்து நாலு தெரு தள்ளி இன்னொரு தையல்காரரிடம் கொடுக்க ஆரம்பித்தார். இருபத்துநாலு வருஷம். வீட்டு வாசலிலேயே கடை இருக்க, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் கடையைத் தாண்டியே நடந்து போவார். மற்றபடி இரண்டு பேரும் சண்டை போட்டதில்லை. காய்ச்சல் என்றால் கஷாயமும் மாத்திரையும் மாடியிலிருந்து இறங்கி வரும். துணி மட்டும் வராது.

உடுப்புக் கதைக்கு வருவோம். போன வருஷம் வேளாண்மைப் பயிற்சி மையத்துக்கு இருபது கோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அங்கே ஒரு ஆள் தேனீப் பெட்டியைத் திறந்து நாலைந்து பேருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பெட்டி செய்து விற்கிறவர். எல்லாரும் தேனீயைப் பார்த்தார்கள். டைலரக்கா அவர் போட்டிருந்த உடுப்பைப் பார்த்தாள்.

"இத யாருங்க தைச்சது?"

"கடையில வாங்கினதுதாங்க."

"தோள் ஒரு பக்கம் போகுது, கழுத்து ஒரு பக்கம் போகுது. எப்படிப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க?"

பெட்டிக்காரர் கோபப்படவில்லை. "பூச்சி தையலைப் பாக்காதுங்க. உள்ள நுழையாம இருந்தாச் சரி" என்றார்.

"பூச்சி பாக்காதுன்னா மனுஷனும் பாக்கக்கூடாதா?"

"அப்ப நீங்களே ஒண்ணு தைச்சுக் காட்டுங்க. ஆனா ஒரு விஷயம். மடிப்பு, பாக்கெட், அலங்காரம் எதுவும் வேணாம். கை நுனியில வெறும் எலாஸ்டிக் போதும். மடிப்பு இருந்தா பூச்சி உள்ள போய் உக்காந்துக்கும்."

டைலரக்கா தலையை ஆட்டினாள். வாடிக்கையாளர் ஆலோசனை சொல்லும்போது அவள் ஆட்டுகிற தலையாட்டல் அது. ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

பத்து நாளில் உடுப்பு தயார். கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி, முன்பக்கம் ஜிப், தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி தொப்பியோடு சேர்த்துத் தைத்த முகவலை. எல்லாம் கச்சிதம். கைக்கு எலாஸ்டிக்கும் உண்டு, உள்பக்கம் ஒளிந்திருந்தது. அதற்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு மடித்துவிட்ட விறைப்பான கைமடிப்பு, உள்ளே கேன்வாஸ் வைத்து, ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொத்தானோடு. எலாஸ்டிக்கோடு நிறுத்தினால் ஜட்டி மாதிரி இருக்கும் என்பது அவள் கட்சி. மடிப்பில்லாமல் ஒரு கையை முடிப்பதற்கு அவளுக்கு மனசு வரவில்லை.

பெட்டி வைக்க மொட்டை மாடிதான் இடம். மொட்டை மாடி அண்ணியின் பாகம். அவர் துவைத்த துணியைக் காயப்போடும் இடம். டைலரக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டர், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆசாமி. சதா எதையாவது கழுவிக்கொண்டே இருக்கிற தன் அக்காவுக்கு அவர் வைத்த ரகசியப் பெயர் பினாயில். அவரைத் தூது அனுப்பிப் பயனில்லை என்று டைலரக்காவே மேலே போனாள்.

அண்ணி முழுவதையும் கேட்டுவிட்டு யோசித்தார்.

"பூச்சி கொட்டும்னு எல்லாம் எனக்குப் பயம் இல்ல. முப்பது வருஷம் ஊசி போட்டவ நான். ஆனா ஒரு உயிரை வீட்டுக்குக் கொண்டுவந்தா ஒழுங்கா வெச்சுக்கணும். செத்துப்போச்சு, இன்னொண்ணு வாங்கி வெக்கலாம்ங்கற பேச்சு எங்கிட்ட நடக்காது. முதல் தேன் எடுக்கற வரைக்கும் பாக்கறேன். அது வரைக்கும் பெட்டி நல்லா இருந்தா இருக்கட்டும். இல்லன்னா மாடியக் கழுவிக் குடுத்துடு."

"நல்லாத்தான் இருக்கும் அண்ணி" என்றாள் டைலரக்கா. சந்தேகம் என்பது அவள் அகராதியில் இல்லாத சொல்.

உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஐந்து மாதம் அந்தப் பெட்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். ராணி முட்டையிட்டுக் குஞ்சு வளர்வது கீழ்ப்பெட்டியில், தேன் சேர்வது மேல்பெட்டியில் என்று பெட்டிக்காரர் சொல்லிக்கொடுத்தார். மீதியைப் பார்த்துப் பார்த்துத் தானே தெரிந்துகொண்டாள். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் மாடிக்குப் போய்ப் பெட்டியின் மேல் காதை வைப்பாள். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே ஊசி மழுங்கிவிட்டது, எண்ணெய் போதவில்லை என்று சொல்கிறவள் அவள். பெட்டியின் சத்தமும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. தாழ்வாக, ஒரே சீராக, நல்ல மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கு வேலை தானாக ஓடும் என்பாள். வாழ்க்கையில் அளவு சொல்லாமல், தேதி சொல்லாமல், யாரும் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் இதுதான். அதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்தது.

தேன் எடுக்கும் நாள் வந்தது. மழைக்காலம் தொடங்க இரண்டு வாரம்தான் இருந்தது. மேல்பெட்டியில் எட்டு மரச்சட்டங்களிலும் அடை கட்டி, தேன் நிரம்பி, வெள்ளை மெழுகால் மூடி போட்டிருந்தன தேனீக்கள். பெட்டிக்காரர் தேன் சுற்றும் எந்திரத்தைக் கடன் கொடுத்தார். அத்தோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்.

"மேல்பெட்டிய மட்டும் எடுங்க. அன்னைக்குக் கீழ்ப்பெட்டியத் தொடவே கூடாது."

அந்தத் தலையாட்டல்தான் மறுபடியும்.

காலை பத்து மணி. வெயில் நன்றாக ஏறியிருந்தது. பாதித் தேனீக்கள் வெளியே மேயப் போயிருந்தன. டைலரக்கா உடுப்பைப் போட்டு, கைமடிப்பை ஒருமுறை நீவிவிட்டு, புகைமூட்டியால் மெதுவாகப் புகை விட்டாள். சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, மென்மையான பிரஷால் தேனீக்களைத் தள்ளிவிட்டு, மூடி போட்ட தொட்டியில் அடுக்கினாள். ஒரு கொட்டுகூட வாங்கவில்லை. எட்டாவது சட்டத்தையும் எடுத்து முடித்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. அங்கேதான் வினை.

இவ்வளவு நன்றாக நடக்கிறதே, ராணியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது. கீழ்ப்பெட்டியிலிருந்து நடுச்சட்டத்தைத் தூக்கினாள். துணியில் நூல் ஓட்டம் பார்க்கிற பழக்கத்தில் சட்டத்தை வெயிலுக்கு நேராக, மார்போடு ஒட்டினாற்போல் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ராணி இருந்தது. நீளமாக, பழுப்பாக, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டாள். பார்த்த திருப்தியில் சட்டத்தை மறுபடி இறக்கி, மூடியைப் போட்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டாள்.

கடைக்கு அன்று விடுமுறை. ஜன்னலையெல்லாம் சாத்தி, வெட்டு மேசையில் பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தது. உடுப்பைக் கழற்றி வழக்கமான ஆணியில் மாட்டினாள். வெந்நீரில் நனைத்த கத்தியால் மெழுகு மூடியை அவள் சீவ, வீட்டுக்காரர் எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினார். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் எந்திரத்தின் தகரச் சுவரில் மழை அடிக்கிற மாதிரி பொட்டுப் பொட்டென்று சத்தம் கேட்டது. குழாயைத் திறந்ததும் தேன் கனமாக, மடிந்து மடிந்து வடிகட்டியில் இறங்கியது. வீட்டுக்காரர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ம்" என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

டைலரக்காவும் ஒரு விரல் நக்கினாள். கண் கலங்கிவிட்டது. நாலு கிலோவுக்குக் குறையாது என்று அவள் கை சொன்னது. எடை போட்டபோது நாலே கால் இருந்தது. அண்ணிக்கென்று முதல் பாட்டிலை நிரப்பித் தனியாக வைத்தாள். அதற்குள் அண்ணியே கீழே வந்துவிட்டார், கையில் வாளியோடும் துடைப்பத்தோடும். தரையெல்லாம் பிசுபிசுப்பு, கதவுப் பிடியில் பிசுபிசுப்பு, தம்பியின் மூக்கு நுனியில்கூடப் பிசுபிசுப்பு. அண்ணிக்கு அது சொர்க்கம். உடனே வேலையில் இறங்கினார். பாட்டிலைக் கண்ணால் பார்த்தார், கையால் தொடவில்லை.

மூன்று மணிக்கு, தேன் எடுத்த வெறும் சட்டங்களைத் திருப்பி வைக்க டைலரக்கா மாடிக்குப் போனாள். முகவலையை மட்டும் மாட்டிக்கொண்டாள், அவ்வளவு தைரியம். பெட்டியிடம் போனதும் கால் நின்றுவிட்டது.

சத்தம் வேறாக இருந்தது. தாழ்வாக ஓட வேண்டியது உச்சத்துக்கு ஏறி, விட்டுவிட்டு, முறையிடுகிற மாதிரி கேட்டது. வாசல் பலகையில் தேனீக்கள் வெளியே போகாமல், உள்ளேயும் போகாமல், எதையோ தொலைத்தவர்கள்போல் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தன. உடனே பெட்டிக்காரருக்கு போன் போட்டாள்.

"கீழ்ப்பெட்டியத் திறந்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார் அவர்.

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "திறந்தேன்."

"ராணி இல்லீங்க. சட்டத்தத் தூக்கினப்ப கீழ விழுந்திருக்கும், இல்ல உங்க மேலயே ஏறியிருக்கும்."

"வேற ராணி வளத்துக்காதா?"

"முட்டை இருக்கு, வளத்துக்கப் பாக்கும். ஆனா புது ராணி வெளிய பறந்து போய் ஜோடி சேந்து திரும்பி வரணும். மழை வந்துட்டா அது நடக்காது. பெட்டி போயிடும். உயிரோட இருந்தா இன்னைக்கே கண்டுபிடிச்சு வெச்சிடுங்க. அது இருக்கற இடத்துல நாலு தேனீயாவது சுத்தி உக்காந்து, வாலைத் தூக்கி விசிறிக்கிட்டு இருக்கும். அதத் தேடுங்க."

முதல் தேன் எடுக்கிற வரைக்கும் பெட்டி நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. தேன் எடுத்த அன்றைக்கே பெட்டி போவதா? அண்ணி மாடியைக் கழுவச் சொல்வார் என்பதைவிட, அவர் சொல்லப்போகிற இன்னொன்றுதான் டைலரக்காவை உலுக்கியது. ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல என்பார். அதற்குப் பதில் கிடையாது. கையில் ஒப்படைத்த உயிர், தன் கெட்டிக்காரத்தனத்தால் போகிறது.

ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஜாதி இல்லை அவள். மாடித் தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். படிக்கட்டில் ஒவ்வொரு படியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே இறங்கினாள். கடை வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தாள்.

"ஊசி!"

தையல் கடையில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஊசி விழுந்தால் எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். யாரும் காலை எடுத்து வைக்கக் கூடாது, யாரும் பெருக்கக் கூடாது. விளக்கைத் தரையில் படுக்கவைத்தால் ஊசி எங்கே இருந்தாலும் நீளமான நிழல் விழும். வீட்டுக்காரருக்கு இது இருபத்துநாலு வருஷப் பழக்கம். எந்திரத்தை நகர்த்திக்கொண்டிருந்தவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"ஊசியில்லங்க, ராணி. கீழ எங்கயாவது இருக்கும். மிதிச்சுடாதீங்க."

"கால வெக்கலாமா?"

"முதல்ல பாத்துட்டு வைங்க."

டார்ச்சைத் தரையில் கிடத்தி, தானும் கன்னம் தரையில் பட வயிற்றோடு படுத்துத் தேடினாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடினாள். மூன்று குண்டூசி கிடைத்தது. போன மாதம் காணாமல்போன பொத்தான் கிடைத்தது. ஏழு தேனீக்கள் கிடைத்தன, எல்லாம் வேலைக்காரத் தேனீ. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள், வடிகட்டியைப் பார்த்தாள், சீவிய மெழுகைக் கிளறிப் பார்த்தாள். ராணி இல்லை. உங்கள் மேலேயே ஏறியிருக்கும் என்று பெட்டிக்காரர் சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நிமிர்ந்து ஆணியைப் பார்த்தாள்.

ஆணி காலியாக இருந்தது.

"உடுப்பு எங்கங்க?"

"அக்கா எடுத்துட்டுப் போச்சு. ஊறவெக்க."

டைலரக்கா பின்கட்டுக்கு ஓடினாள். எட்டுவதற்கு முன்னாலேயே அண்ணியின் குரல் கேட்டது. யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"போங்கடி. ஒரு தடவ சொன்னாக் கேக்க மாட்டீங்க?"

துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வாளி நிறைய சோப்பு நுரை. உடுப்பின் இடது கை ஏற்கெனவே உள்ளே மூழ்கியிருந்தது. மீதியை அண்ணி கையில் உயர்த்திப் பிடித்திருந்தார். வலது கையின் மடிப்பில் முப்பது நாற்பது தேனீக்கள் கொத்தாக உட்கார்ந்திருந்தன.

"வந்தியா? இதப் பாரு. முன்பக்கம் பூரா தேன் வழிஞ்சு கிடக்கு, அங்க ஒண்ணுகூட உக்காரல. சுத்தமா இருக்கற கைமடிப்புல மட்டும் வந்து அடையுது. கால் மணி நேரமா வெரட்டறேன், மறுபடி மறுபடி அங்கயேதான் வருது. கொட்டல, அது வேற விஷயம். ஆனா எனக்கு வேலை ஆகணுமில்ல? முக்கிடலாம்னு பாத்தேன்."

"அண்ணி, அசையாதீங்க."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அண்ணியை நிறுத்தியது. ஆஸ்பத்திரியில் அந்த மாதிரிக் குரலுக்கு அசையாமல் நின்று பழகியவர். உடுப்பை அப்படியே உயர்த்திப் பிடித்தார்.

டைலரக்கா பக்கத்தில் போய்ப் பார்த்தாள். தேனீக்கள் எதையும் குடிக்கவில்லை. எல்லாம் மடிப்பைப் பார்த்துத் தலையை வைத்து, வாலைத் தூக்கி, சிறகை விசிறிக்கொண்டிருந்தன. பொத்தானுக்குப் பக்கத்தில், துணி இரண்டாக மடிகிற இடத்தில், ஒரு விரல் நுனி போகிற சந்து இருந்தது. உள்ளே கேன்வாஸுக்கும் துணிக்கும் நடுவில் ஏதோ மெல்ல ஊர்ந்தது. வெளியிலிருந்தே அந்த மேடு நகர்வது தெரிந்தது.

"ராணி உள்ள இருக்கு அண்ணி."

"எதுக்குள்ள?"

"நான் தைச்ச மடிப்புக்குள்ள."

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் இருபத்துநாலு வருஷம் இருந்தது. ஆனால் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"உயிரோட இருக்கா?"

"இருக்கு. நகருது."

"அப்ப சீக்கிரம் எடு. அழுத்தாத."

உடுப்பை அப்படியே கடைக்குள் கொண்டுபோய் வெட்டு மேசையில் கிடத்தினார்கள். தட்டி வெளியே எடுக்க வழியில்லை. விறைப்பான கேன்வாஸ், தட்டினால் நசுங்கும். அது நுழைந்த சந்தை விரலால் விரிக்கப் பார்த்தாள், ராணி பயந்து இன்னும் உள்ளே போயிற்று. மிச்சம் ஒரே வழிதான். மடிப்பின் மேல்விளிம்புத் தையலை முழுக்கப் பிரிக்க வேண்டும். மற்ற கடைத் தையலாக இருந்தால் பாதி பிளேடை வைத்து ஒரே இழுப்பில் சர்ரென்று பிரிப்பாள். உள்ளே உயிர் இருக்கும்போது பிளேடு ஆகாது. ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாக நெம்பித் தூக்கி, நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் நறுக்க வேண்டும்.

அங்குலத்துக்குப் பன்னிரண்டு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு வரிசை. முனையில் முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஓட்டி இறுக்கியது வேறு.

"இவ்வளவு நெருக்கமா எவ தைச்சா?" என்று பல்லைக் கடித்தாள் டைலரக்கா.

"தெரிஞ்ச பொண்ணுதான்" என்றார் வீட்டுக்காரர். அந்த வருஷத்துக்கு அவர் அடித்த ஒரே ஜோக் அதுவாகத்தான் இருக்கும். அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தார். நர்ஸ் கை, இம்மி அசையவில்லை. "இடப்பக்கம் போகுது, நிறுத்து. இப்ப வெட்டு. மறுபடி நிறுத்து" என்று அவர் சொல்லச் சொல்ல, இவள் வெட்டினாள். மடிப்பில் இருந்த தேனீக்கள் இருவர் விரல்மேலும் ஏறி நடந்தன. ஒன்றும் கொட்டவில்லை.

முதல் வரிசை முடிய இருபது நிமிஷம் ஆயிற்று. கழுத்து வலித்தது. வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்தது. அண்ணி தன் முந்தானையால் துடைத்துவிட்டார், ஆபரேஷன் அறையில் டாக்டருக்குத் துடைக்கிற மாதிரி. இரண்டாவது வரிசையில் பாதி தாண்டியபோது துணி தானாக வாய் திறந்தது.

ராணி வெளியே வந்தது. கேன்வாஸ் விளிம்பில் ஒரு நொடி நின்றது. ஆறு காலும் இருந்தன, சிறகுகளும் நேராக இருந்தன. டைலரக்கா சுண்டுவிரலை முன்னால் வைக்க, அதில் ஏறி உள்ளங்கைக்கு நடந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இன்னொரு கையைக் குவித்து மூடிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அண்ணி டார்ச்சை அணைக்க மறந்து பின்னாலேயே ஏறினார்.

பெட்டி வாசலில் கையைத் திறந்தாள். பலகையில் ஓடிக்கொண்டிருந்த தேனீக்களில் ஒன்று ராணியைத் தொட்டது. அதைப் பார்த்து இன்னொன்று தொட்டது. எல்லாம் ஒதுங்கி வழிவிட, ராணி உள்ளே நடந்து போயிற்று. கொஞ்ச நேரத்தில் அந்த முறையீடு இறங்க ஆரம்பித்தது. இறங்கி, தாழ்ந்து, எண்ணெய் விட்ட மெஷின்போல் சீரானது.

"இதுதான் நல்ல சத்தமா?" என்று கேட்டார் அண்ணி.

"இதுதான் அண்ணி." கொஞ்சம் தயங்கிவிட்டு டைலரக்கா அதையும் சொன்னாள். "கீழ்ப்பெட்டியத் தொடாதன்னு சொன்னாங்க. தொட்டேன். மடிப்பு வெக்காதன்னு சொன்னாங்க. வெச்சேன். ரெண்டும் என் தப்புதான்."

அண்ணி கொடியில் காய்ந்திருந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். தேன் பாட்டில் மேசையிலேயே இருந்தது. பெட்டி இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு வாரம் டைலரக்கா காத்திருந்ததுபோல் எந்த முகூர்த்தத்துக்கும் எந்த மாப்பிள்ளை வீட்டாரும் காத்திருந்திருக்க மாட்டார்கள். இரண்டு கைமடிப்பையும் வெட்டி எறிந்துவிட்டு எலாஸ்டிக்கோடு நிறுத்தினாள். பார்க்க ஜட்டி மாதிரிதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று போட்டுக்கொண்டாள்.

எட்டாம் நாள் பெட்டிக்காரர் அனுமதி கொடுத்த பிறகு கீழ்ப்பெட்டியைத் திறந்து பார்த்தாள். புது முட்டைகள் இருந்தன. அடையில் அறைக்கு ஒன்றாக, நறுக்கிய வெள்ளை நூல் துணுக்குபோல் அடியில் நின்றன. ராணி வேலையைத் தொடர்கிறது. மூடியைப் போட்டுவிட்டு அவள் கீழே வந்தபோது அண்ணி கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோளில் துணிப்பை. வழக்கம்போல் தாண்டிப் போகிறார் என்று நினைத்து இவள் வழிவிட்டாள். அண்ணி தாண்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பையிலிருந்து கெட்டியான வெள்ளைத் துணியை எடுத்து வெட்டு மேசையில் வைத்தார்.

"அடுத்த தடவ நீ பெட்டியத் திறக்கறப்ப பக்கத்துல ஒருத்தர் நின்னு பாக்கணும். உன்னைத் தனியா விட முடியாது. எனக்கும் ஒரு உடுப்பு வேணும்."

டைலரக்கா அளவு நாடாவை எடுத்தாள். அண்ணி கண்ணாடி முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்தார். தோள் கொஞ்சம் கூனியிருந்தது. முப்பது வருஷம் நோயாளிகள்மேல் குனிந்த தோள் அது, நிமிரச் சொன்னாலும் நிமிராது. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னாலேயே அது கூன ஆரம்பித்திருக்கும். அன்றைக்கு அவள் நாடாவை மட்டும்தான் பார்த்தாள்.

"மடிப்பு வேணாம்" என்றார் அண்ணி கண்ணாடியைப் பார்த்தபடி.

"வெக்க மாட்டேன்."

"தோள்பட்டை இறுக்கிச்சுன்னா?"

"பிரிச்சுத் தரேன் அண்ணி."

அண்ணி கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொடுத்தார். டைலரக்கா தோளை இரண்டு முறை அளந்தாள், அவர் நிற்கிறபடியே. குறித்துக்கொள்ளும்போது அரை அங்குலம் சேர்த்து எழுதினாள். அண்ணி போகும்போது மேசையிலிருந்த தேன் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.